அவள் ஏன் கிளம்பிப் போகவில்லை? கோதிக் மர்ம நாவலைக் கட்டும் முறை

பழைய வீடு, பூட்டிய அறை, புதைந்த ரகசியம் என்று அச்சத்தோடு ஓடும் கோதிக் மர்ம நாவலை எழுத உட்காருபவர் முதல் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு கேள்வி: இத்தனை நடந்த பிறகும் கதாநாயகி ஏன் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிப் போகவில்லை? ஐந்தாம் அத்தியாயத்துக்குள் வாசகர் இதைக் கேட்டுவிடுவார். நள்ளிரவில் மணி அடிக்கிறது, பூட்டிய அறையில் வெளிச்சம் தெரிகிறது, வீட்டுக்காரன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவதுதானே? இதற்குப் பதில் இல்லையென்றால் எத்தனை மூடுபனி போட்டாலும் கதை நிற்காது. பதில் உறுதியாக இருந்தால் பேயே வராவிட்டாலும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது. போக முடியாத இடமும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாத ரகசியமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் இவ்வகை நாவலின் ஈர்ப்பு.

'கோதிக்' என்ற பெயரே இடைக்கால ஐரோப்பியக் கட்டடக் கலையிலிருந்து வந்தது. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1764 டிசம்பரில் தன் கோட்டைக் கதையை, பழைய இத்தாலிய நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வேறு பெயரில் வெளியிட்டார். 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பு ஏறியது. அவர் லண்டனை அடுத்த ட்விக்கனத்தில் தன் வீட்டையே கோதிக் பாணியில் மாற்றிக் கட்டிக்கொண்டவர். தமிழ் வாசகருக்கும் இந்தச் சுவை பழகியதுதான். ரெயினால்ட்ஸின் ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் எழுதிய நாவல்களை நம் தாத்தா பாட்டிகள் தேடித் தேடிப் படித்தார்கள்.

முறையைப் பார்க்க ஒரு மாதிரிக் கதையை எடுத்துக்கொள்வோம். வருடம் 1860. இடம் இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரின் மேட்டுப் புல்வெளி, பிக்கரிங் ரயில் நிலையத்திலிருந்து 9 மைல். வீட்டின் பெரியவர் ஆகஸ்டில் இறந்துவிட்டார். உயிலின்படி எல்லாம் அவருடைய தங்கை மகனுக்கு வந்திருக்கிறது. மருமானும் அவன் தாயும் இப்போது அங்கே குடியிருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் அந்தத் தாய்க்குப் புத்தகம் படித்துக் காட்டவும் கடிதம் எழுதவும் ஒரு பெண் கூலிக்கு வருகிறாள். பெரியவர் இறந்த அறை பூட்டிக் கிடக்கிறது. அந்த அறையின் அழைப்பு மணி இரவில் அடிக்கிறது.

வெளியேற முடியாமைக்கு மூன்று பூட்டு

பனி பெய்து பாதை அடைபட்டது என்பது மிகப் பலவீனமான பூட்டு. பனி உருகிவிடும். பணம், பெயர், சட்டம் ஆகிய மூன்றும்தான் உருகாதவை. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கட்டாயம் வேண்டும்.

பணப் பூட்டு எளிது. இங்கிலாந்தில் வீட்டு வேலைக்கான கூலி பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறைதான் கொடுக்கப்பட்டது. கணக்குத் தீர்க்கும் நாட்கள் மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. நம் பெண் அக்டோபர் முதல் வாரம் வருகிறாள் என்று வையுங்கள். நடுவில் போனால் வெறுங்கையோடு போக வேண்டும். இதனால் கதைக்கு ஒரு கெடுவும் கிடைத்துவிடுகிறது: கிறிஸ்துமஸ் நாள்.

பெயர்ப் பூட்டு இன்னும் கொடியது. முந்தைய வீட்டார் கொடுக்கும் நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அக்காலத்தில் அடுத்த வீட்டில் சேர முடியாது. அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவன் மருமான். அவன் குரலை உயர்த்தவே வேண்டாம். "உங்களைப் பற்றி என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று இரண்டாம் அத்தியாயத்தில் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்.

சட்டப் பூட்டுக்கு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஒரு சுரங்கம். 1882 வரை மணமான பெண்ணின் சொத்து பொதுவாகக் கணவன் கைக்குப் போனது. 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனித்தனியாகப் பார்த்த இரண்டு மருத்துவர்களின் சான்றும் ஓர் உறவினரின் ஆணையும் இருந்தால் ஒருவரைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிடலாம். 1858 முதல் நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற வழி வந்தாலும், கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு ஒன்றே போதுமானது. மனைவியோ அதோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இவற்றில் எதை எடுத்தாலும் வருடத்தைச் சரிபாருங்கள். கதையை 1860இலிருந்து 1885க்கு நகர்த்தினால் சொத்துப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும்.

ரகசியம் எந்தத் தாளில் இருக்கிறது

பல கைப்பிரதிகள் உடைவது இங்கேதான். வில்லன் ஒரு திருமணச் சான்றிதழைத் தேடி எரிக்கப் பார்க்கிறான் என்று எழுதுகிறார்கள். ஆனால் 1837 ஜூலை முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு திருமணமும் இரட்டைப் பதிவேட்டில் ஏறியது. அதன் நகல் காலாண்டுதோறும் மாவட்டப் பதிவாளர் வழியே லண்டனுக்குப் போனது. ஒரு தாளை எரித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. விவரம் தெரிந்த வாசகர் இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்.

அதற்குத் தீர்வு எல்லையைத் தாண்டுவது. அக்காலத்தில் ஸ்காட்லாந்தில் பாதிரியாரோ பதிவாளரோ இல்லாமல், நாங்கள் கணவன் மனைவி என்று இருவரும் அறிவித்தாலே திருமணம் செல்லுபடியானது. 1856இல் வந்த சட்டம் ஒரு நிபந்தனையை மட்டும் சேர்த்தது: இருவரில் ஒருவராவது அதற்கு முன் 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும். இப்படி நடந்த திருமணத்துக்கு, இருவரும் கையெழுத்திட்ட ஒரே ஒரு தாள் மட்டுமே சான்றாக இருக்கக்கூடும். இப்போது அந்தத் தாளுக்கு உயிர் வந்துவிட்டது.

அடுத்தது, அந்தத் தாள் ஏன் மருமானைப் பதற வைக்கிறது என்பது. 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் அவர் எழுதிய உயில் ரத்தாகிவிடும். பெரியவர் ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் ரகசியமாக மணந்திருந்தால் மருமானுக்கு எழுதிய உயில் வெற்றுக் காகிதம். அந்த மனைவி கருவுற்றும் இருந்தால், பிறக்கும் பிள்ளைக்கே நிலம். கொலை செய்யவும் துணியும் அளவுக்குக் காரணம் இங்கே இருக்கிறது. கொலைக்குப் பரம்பரைச் சாபம் காரணம் என்று எழுதுவதைவிட இது பத்து மடங்கு அச்சம் தரும், ஏனென்றால் சாபத்தை நம்பாதவரும் சொத்தை நம்புவார்.

அதே சட்டத்தில் இன்னொரு துப்பும் கிடக்கிறது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலில் எதுவும் எழுதியிருந்தால் அவருக்கு அது கிடைக்காது, உயில் மட்டும் செல்லும். முப்பது வருடம் உழைத்த தலைமைப் பணியாளர் தனக்கு எழுதி வைத்த தொகையை இப்படி இழந்தவர் என்றால், அவருடைய முகச்சுளிப்புக்கும் மௌனத்துக்கும் வாசகர் வேறு காரணம் கற்பித்துக்கொள்வார். நல்ல பொய்த்தடம் இப்படித்தான் உண்மையான மனக்குறையிலிருந்து வர வேண்டும்.

வீட்டு வரைபடமும் மணிக் கம்பியும்

கட்டம் போட்ட தாளில் வீட்டை வரையுங்கள். தரைத்தளம், மேல்தளம், பரண் என மூன்று தாள். ஒவ்வொரு கதவுக்கும் எண் கொடுத்து, எந்தப் பக்கம் திறக்கும், சாவி யாரிடம் இருக்கிறது, கீல் முனகுமா என்று பக்கத்திலேயே குறியுங்கள். பன்னிரண்டு கதவுக்கு மேல் கதையில் பெயர் சொல்லித் தோன்றினால் வாசகருக்கு வழி தவறும், ஏழெட்டு போதும். அவள் அறையிலிருந்து பூட்டிய அறைக்கு எத்தனை அடி என்று கணக்கிட்டு, இருட்டில் நடக்க ஆகும் நேரத்தை நீங்களே நடந்து பாருங்கள். துரத்தல் காட்சியில் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

அழைப்பு மணி எப்படி வேலை செய்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அறையில் உள்ள கைப்பிடியை இழுத்தால் சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பி இழுபடும். கம்பி திரும்ப வேண்டிய மூலைகளில் சிறிய உலோகத் தகடு ஒன்று அச்சில் ஆடும். கடைசியில் சமையலறைப் பக்க நடையில் வரிசையாகத் தொங்கும் மணிகளில் ஒன்று அடிக்கும். எந்த அறையின் மணி என்று தெரிவதற்காக, ஓசை நின்ற பிறகும் அது சிறிது நேரம் ஆடிக்கொண்டே இருக்கும்படி சுருள் கம்பியில் மாட்டியிருப்பார்கள். ஓசை ஓய்ந்த நடையில், இறந்தவர் அறை மணி மட்டும் ஆடிக்கொண்டிருப்பதை அவள் பார்க்கிறாள். இதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்கத் தேவையில்லை.

இதன் உண்மைக் காரணத்தையும் அதே கம்பியில் வையுங்கள். பெரியவர் தாளைப் பலகைச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். மருமான் இரவில் பலகையைப் பெயர்த்துத் தேடுகிறான். கை உள்ளே போகும்போது கம்பியில் படுகிறது; மணி அடிக்கிறது. அது கீழ்நடையில் அடிப்பதால் அவனுக்கே கேட்பதில்லை. பேய்க்கும் குற்றத்துக்கும் ஒரே கம்பி.

வெளிச்சக் கணக்கு

இங்கே தவறு செய்யாதவர் குறைவு. டிசம்பரில் வட யார்க்‌ஷயரில் சூரியன் மாலை 3.40 வாக்கில் மறைந்துவிடும். காலை எட்டு மணி தாண்டித்தான் உதிக்கும். 'மாலை ஐந்து மணி வெயிலில் தோட்டத்தில் உலாவினாள்' என்று எழுதினால் கதை செத்தது. நிலவும் அப்படித்தான். 1860 ஜூலை 18 அன்று ஸ்பெயினில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது, அதாவது அன்று அமாவாசை. அதிலிருந்து இருபத்தொன்பதரை நாள் கணக்கில் எண்ணிப் போனால் டிசம்பர் 13 வாக்கில் அமாவாசை, 28 வாக்கில் பௌர்ணமி. முழு நிலா சூரியன் மறையும்போது எழும் என்று நம் வாசகர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே பௌர்ணமி நள்ளிரவில் நிலா தொடுவானில் 'எழுந்தால்' உடனே பிடித்துவிடுவார்கள்.

மெழுகுவர்த்தியைத் துப்பாக்கலாம். அக்காலத்தில் ஒளியை அளக்க வைத்திருந்த திமிங்கலக் கொழுப்பு மெழுகுவர்த்தி, ஒரு ராத்தலுக்கு (பவுண்டுக்கு) ஆறு என்ற எடை கொண்டது. மணிக்கு 120 கிரெய்ன், அதாவது கிட்டத்தட்ட 7.8 கிராம் எரியும். முழுதாக எரிய ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பூட்டிய அறையில் முதல் முறை பார்த்தபோது புதிதாக இருந்த மெழுகுவர்த்தி, பத்து நாள் கழித்துப் பாதியாகக் குறைந்திருந்தால் அங்கே யாரோ ஐந்து மணி நேரம் இருந்திருக்கிறார்கள். பேய்க்கு வெளிச்சம் வேண்டாம். ஏழைகள் வீட்டில் எரிந்த மாட்டுக்கொழுப்பு, ஆட்டுக்கொழுப்பு மெழுகுவர்த்தி வேறு. நாறும், திரியை அடிக்கடி கத்தரிக்க வேண்டும். பணியாளர் மாடியில் அந்த நாற்றமும் எஜமான் அறையில் நாற்றமில்லாத வெளிச்சமும் என்று பிரித்துக் காட்டினால், இருட்டில் வந்தது எந்தத் தளத்து ஆள் என்று மூக்கே சொல்லிவிடும்.

எதிர்பார்ப்பும் அதிர்ச்சியும்

கோதிக் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் இறந்தபின் 1826இல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்று இரண்டு வகை அச்சத்தைப் பிரிக்கிறது. வரப்போவதை எண்ணி நடுங்கும் அச்சம் மனத்தை விரித்து விழிக்க வைக்கும். கோரத்தை நேரில் காணும் அதிர்ச்சி மனத்தைச் சுருக்கி உறைய வைக்கும். கோதிக் மர்மம் முதல் வகையில் ஓட வேண்டும். முப்பது அத்தியாயத்தில் கோரக் காட்சி இரண்டுக்கு மேல் வேண்டாம். முதலாவது பாதிக்குப் பிறகே வரட்டும்.

ஒவ்வொரு அமானுஷ்ய நிகழ்வுக்கும் இரண்டு விளக்கம் தயாராக இருக்க வேண்டும்: செத்தவர் வந்திருக்கிறார் என்பது ஒன்று, உயிரோடிருப்பவர் செய்கிறார் என்பது ஒன்று. இரண்டும் சம எடையில் இருபதாம் அத்தியாயம் வரை போக வேண்டும். எடை சாயும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கல்லைப் போடுங்கள். மணிக்குக் காரணம் எலி என்று பணியாளர் சொல்லி எல்லோரும் சமாதானமான அதே இரவில், எலிப்பொறி வைத்த பிறகும் மணி அடிக்கட்டும்.

இயற்கை விளக்கம் தவறாக இருந்தால் எல்லாம் பாழ். 'டெத்வாட்ச்' (சாவுக் காவல்) வண்டு என்று இங்கிலாந்தில் பெயர் பெற்ற மரவண்டு பழைய கருவாலி உத்திரத்துக்குள் தலையால் தட்டும். சாவு வரும் அறிகுறி என்று ஜனங்கள் நடுங்கினார்கள். ஆனால் அது இணைதேடித் தட்டுவது வசந்தத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரைதான். டிசம்பர் இரவில் தட்ட வைக்காதீர்கள். பச்சைச் சுவர்த்தாளில் ஆர்செனிக் இருந்தது உண்மை, ஆனால் அது முதன்மையாக வயிற்றையும் நரம்பையும் தாக்கும். இல்லாத உருவத்தைக் காண வைக்க வேண்டுமென்றால் பெல்லடோனா என்ற நச்சுச் செடி. கண்மணி விரிவது, வாய் உலர்வது, நாடி வேகமாவது ஆகிய குறிகளை இரண்டு அத்தியாயம் முன்பே விதைத்து வையுங்கள்.

துப்புப் பேரேடு

ஒரு நோட்டில் நான்கு பத்தி கட்டுங்கள்: துப்பு, எந்த அத்தியாயத்தில் காட்டினோம், அப்போது வாசகர் என்ன நினைப்பார், உண்மை என்ன. ஒவ்வொரு முக்கியத் துப்பும் தீர்வுக்கு முன் இரண்டு முறையாவது தலைகாட்ட வேண்டும். முதல் முறை வேறு வேலையில் கலந்து வரட்டும். மாதிரிக் கதையில் உயிர்நாடியான துப்பு டம்ஃப்ரீஸ் விடுதியின் ரசீது, 23 நாள் தங்கியதற்கு. அதை ஏழாம் அத்தியாயத்தில், கிழவி படிக்கச் சொன்ன புத்தகத்தில் பக்க அடையாளமாகச் செருகியிருப்பதாகக் காட்டுங்கள். "அண்ணனுக்கு மூட்டுவலி, வெந்நீர்க் குளியலுக்குப் போனார்" என்று கிழவி சொல்கிறாள். வாசகர் நாட்களை எண்ண மாட்டார். பதினெட்டில், 21 நாள் சட்டத்தை, ஊர்ப் பெண் ஒருத்தி ஓடிப்போன கதையைச் சொல்லும் சமையற்காரியின் வாயில் வையுங்கள். இரண்டையும் அவள் சேர்த்துப் பார்ப்பது இருபத்தைந்தில். இரண்டு துப்புக்கும் இடையே பத்து அத்தியாயமாவது இருந்தால் கண்டுபிடித்தவருக்குப் பெருமை, தவறவிட்டவருக்கு வியப்பு. மூன்றே அத்தியாயம் இருந்தால் இருவருக்கும் சலிப்பு.

தமிழ் காட்டிக்கொடுக்கும் இடமும் காப்பாற்றும் இடமும்

தமிழில் வினைமுற்று ஆளின் பாலைச் சொல்லிவிடும். நடையில் 'யாரோ போனான்' என்றால் பாதி மர்மம் போச்சு. 'உருவம் நகர்ந்தது' என்பது தப்பிக்கும் வழி, ஆனால் மூன்றாம் முறை 'உருவம்' வந்ததுமே ஆசிரியர் ஒளிக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆளை விட்டுவிட்டு அவர் விட்டுச்சென்றதை எழுவாயாக்குங்கள்: காலடி ஓசை படியேறியது, திரைச்சீலை அசைந்தது, மெழுகு வாசனை நடையில் தங்கியிருந்தது.

இன்னொரு பக்கம், ஆங்கிலத்தில் கிடைக்காத கருவிகள் நம்மிடம் இருக்கின்றன. 'கதவு பூட்டியிருந்தது' என்றால் பூட்டியது யார் என்ற கேள்வியே எழாமல் வாக்கியம் முடிகிறது. 'பூட்டப்பட்டிருந்தது' என்று எழுதினால் பூட்டியவர் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். எங்கே எது வேண்டும் என்று பார்த்து எழுதுங்கள். 'ஆம்' விகுதி அதைவிடப் பெரிய வரம். 'பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டாராம்' என்று பணிப்பெண் சொன்னால் அது வெறும் கேள்விப்பட்ட செய்தி. அவளும் பொய் சொல்லவில்லை, நீங்களும் வாசகரை ஏமாற்றவில்லை. கதைசொல்லியின் சொந்தக் கூற்றாக 'தூக்கத்தில் இறந்தார்' என்று எழுதிவிட்டுப் பின்னால் அது கொலை என்றால் அதுதான் மோசடி.

விளிகளையும் பயன்படுத்துங்கள். மருமான் அவளை முதலில் 'நீங்கள்' என்கிறான். பதினான்காம் அத்தியாயத்தில், அவள் கையில் ரசீதைப் பார்த்ததும், வாய் தவறி ஒரே ஒரு 'நீ' விழுந்து உடனே 'நீங்கள்' ஆகிறது. அந்த ஓரெழுத்தே மிரட்டல். பணியாளர்கள் அவனைச் 'சின்ன எஜமான்' என்றே சொல்லட்டும். பெரியவர் செத்து நான்கு மாதமாகியும் 'எஜமான்' என்று யாரும் அவனைச் சொல்லவில்லை என்பது ஒரு துப்புதான்.

அளவும் ஓட்டமும்

மொத்தம் 60,000 சொல், முப்பது அத்தியாயம், சராசரி 2,000 என்று தொடங்குங்கள். முதல் மணி நான்காம் அத்தியாயத்துக்குள் அடித்துவிட வேண்டும். அவள் பூட்டிய அறைக்குள் போவது பத்தில். உள்ளே ஒன்றுமே இல்லாமல், அந்த மெழுகுவர்த்தியும் பலகையோரம் சற்றுச் சுண்ணாம்புத் தூளும் மட்டும் இருக்கட்டும். இருபதுக்கு மேல் அத்தியாயங்களை 1,400 சொல்லாகச் சுருக்கினால் மூச்சு வேகமாகும். வானிலை வர்ணனை அத்தியாயத்துக்கு மூன்று வாக்கியத்தைத் தாண்டினால் வெட்டுங்கள், அந்த வானிலை யாரையாவது தடுத்தாலொழிய.

வில்லன் பத்துப் பக்கம் ஒப்புதல் வாக்குமூலம் தருவதைத் தவிருங்கள். உண்மையை அவள் ரசீதிலிருந்தும் மெழுகுவர்த்தியிலிருந்தும் தானே அடைய வேண்டும். அவன் மறுக்கும் முறையிலேயே மிச்சம் உறுதியாகிவிடும். ராட்கிளிஃப் எல்லா அமானுஷ்யத்துக்கும் கடைசியில் காரணம் சொல்லிவிட்டதாகப் பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறையில் நியாயமுண்டு. மணிக்குக் கம்பியைக் காரணமாகச் சொல்லுங்கள். ஆனால் மருமான் யார்க் நகரில் இருந்த ஓர் இரவிலும் அது அடித்தது என்பதைப் பேரேட்டில் விளக்கமில்லாமல் விடுங்கள். அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள்.

முதல் வரைவு முடிந்ததும் கதை தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்து, பத்தாம், இருபதாம் அத்தியாயங்களில் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: யார் மேல் சந்தேகம், அவள் ஏன் இன்னும் போகவில்லை. பத்தில் இருவரும் மருமானைச் சொன்னால் பரவாயில்லை, காரணத்தைச் சரியாகச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். இருபதில் திருமணம் என்ற சொல் ஒருவர் வாயிலாவது வந்தால் ரசீது அதிகம் மினுக்குகிறது, அதை இன்னும் இரண்டு பொருட்களுக்கு நடுவே புதைக்க வேண்டும். இரண்டாம் கேள்விக்கு 'கதைக்காக' என்று பதில் வந்தால் வேறெதையும் தொடாமல் முதல் மூன்று அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், கூலியும் நற்சான்றுக் கடிதமும் வரும் இடங்களைத் திருத்தி எழுதுங்கள்.